ஒரு முதுகுத்தாங்கி ஒப்புதல் பெற்ற வரலாறு

வண்டிக்குக் கம்பெனி கொடுக்காத சாமான்களை வெளியே வாங்கி மாட்டுகிறவர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு வாரியம் இருக்கிறது என்பது பூட்டுக்காரருக்கு ஐம்பது வயதுவரை தெரியாது. தெரியாமல் இருந்தவரை அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் பாட்டுக்கு இருந்தார். கடைத்தெரு முனையில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை, அதற்குள் சாவி அறுக்கும் இயந்திரம், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் கூப்பிட்டால் ஓடுவதற்கு ஒரு மோட்டார் சைக்கிள். இவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு அது பெரிய க்ரூசர். தாழ்ந்த சீட்டு, அகல விரிந்த ஹாண்டில், தண்ணீர்ச் சொட்டு வடிவத்தில் டாங்க், போகிற வருகிறவர்கள் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும்படி பளபளக்கும் சைலன்ஸர். உள்ளே இருப்பதோ பால்காரர் வண்டியின் எஞ்சின். மேட்டில் ஏறும்போது நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள். புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் பயப்படாமல் வாங்கட்டும் என்று கம்பெனி அதைச் செய்தது. பயந்தவர்கள் பஸ்ஸிலேயே போனார்கள், பயப்படாதவர்கள் பெரிய வண்டியாக வாங்கிக்கொண்டார்கள், கம்பெனி மாடலையே நிறுத்திவிட்டது. பூட்டுக்காரர் குள்ளம். இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற ஒரே வண்டி அதுதான் என்று வாங்கியவர்.

அவர் மனைவி துணிக்கடையில் அளவெடுக்கும் வேலை பார்த்தவள். ஒரு நாள் காலை, யாரோ ஒருவரின் தோள் அளவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, இன்ச் டேப்பும் கையுமாக அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்றார்கள். உயிர் பிழைத்தாள். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. வாய் மட்டும் ஒரே வாரத்தில் பழையபடி வந்துவிட்டது. அதைக் கேட்டுப் பூட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார்.

ஊரின் மறுகோடியில் இருந்தது பிசியோதெரபி நிலையம். அங்கே இருந்த பயிற்சிக்காரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"முதல் ஆறு மாசம்தான் சார் கணக்கு. அதுக்குள்ள இந்தக் கால் என்ன கத்துக்குதோ, அதான் கடைசி வரைக்கும். அப்புறம் தலைகீழா நின்னாலும் பெரிசா ஒண்ணும் வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட்டிட்டு வந்துடுங்க."

"வீட்லயே செய்ய முடியாதாம்மா?"

"நான் வந்தா கூடவே இந்தக் கம்பி, இந்தப் பலகை எல்லாம் நடந்து வருமா?"

கூட்டிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. அவர்கள் வீடு இருந்த சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டோ வராது, காரைப் பற்றிப் பேச்சே இல்லை. இரவல் வாங்கிய சக்கர நாற்காலி, சாக்கடைமேல் போட்டிருந்த உடைந்த பலகைக் கற்களில் இரண்டாவதிலேயே மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நாற்காலியோடு அவளைத் தூக்கிப் பார்த்தார்கள். பாதி வழியில் ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. கீழே விழாமல் பிழைத்ததே பெரிது.

"இனிமே யாரும் எனக்குப் பல்லக்குத் தூக்க வேணாம்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

மீதி இருந்தது அந்த வண்டிதான். சீட்டு தாழ்வாக இருந்ததால் அவளைத் தூக்கி உட்காரவைத்து, இடது காலை எடுத்துப் போட முடிந்தது. ஆனால் முதுகுக்குப் பிடிமானம் இல்லாமல் அவள் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனாள். பின்சீட்டுக்கு ஒரு முதுகுத்தாங்கி இருந்தால் போதும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சாமான் கடைகளுக்குப் படையெடுத்தார். முதல் கடையில், மாடல் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டாவது கடையில், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அட்டையில் எழுதியிருந்த ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்ததில் அது எந்த வண்டிக்கும் பொருந்தாத மாதிரி வெகு கவனமாகச் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. கடைசியில் பழைய சாமான் விற்கும் தெருவில், விபத்தில் செத்துப்போன ஒரு பெரிய க்ரூசரிலிருந்து கழற்றிய முதுகுத்தாங்கி கிடைத்தது. நல்ல கனமான கம்பி, வளைவில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு சங்கடம், அதன் இரண்டு காலும் இவர் வண்டியின் மட்கார்டைவிடக் கட்டை விரல் அகலம் கூடுதலாக விரிந்திருந்தன.

வெல்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு இழுக்கலாம். ஆனா இண்டிகேட்டர் இடிக்கும்."

"இண்டிகேட்டரைப் பின்னாடி தள்ளிடு."

"தள்ளினா போல்ட்டு எட்டாது."

"நீள போல்ட்டாப் போட்டு நடுவுல இடைவெளிக்கு ஒரு குழாய் புஷ் வெச்சுடு."

"எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு?" என்று வெல்டர் கோபித்துக்கொண்டு முதல் பட்டையைத் தலைகீழாகப் பற்றவைத்தார். அதை அறுத்து மறுபடி வைத்தார்கள். சாய்கிற பஞ்சுத் திண்டு எந்த உயரத்தில் வரவேண்டும் என்று அவர் மனைவியே கட்டிலில் உட்கார்ந்தபடி, ஒற்றைக் கையால் டேப்பைப் பிடித்துத் தன் முதுகை அளந்து கொடுத்தாள். டேப்பின் மறுமுனையை வாயில் கடித்துக்கொண்டு அவள் சொன்ன அளவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. முதல் நாள் அதில் சாய்ந்து உட்கார்ந்ததும், "ஏங்க, இது நாற்காலியைவிட நல்லா இருக்கே. கழட்டி வீட்டுக்குள்ள போட்டுடலாமா?" என்றாள்.

சில வாரங்கள் ஒழுங்காகப் போனார்கள். வண்டி மேட்டில் முனகும், அவள் பின்னாலிருந்து "இன்னும் கொஞ்சம் கெஞ்சிக் கேளுங்க, ஏறிடும்" என்பாள். நிலையத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கவைத்தார்கள். நின்றாள். ஒரு நாள் இடது காலின் கட்டை விரல் அசைந்தது. அடுத்த வாரம் குதிகால் பலகையிலிருந்து எழும்பி இறங்கியது. பயிற்சிக்காரம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பூட்டுக்காரர் அன்று கடை திறக்கவே இல்லை.

அதற்கடுத்த தடவை போகும்போதுதான் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

"இது கம்பெனி ஃபிட்டிங்கா?"

"இல்லைங்க சார், வெளிய செஞ்சு மாட்டினது. வீட்ல உடம்பு முடியாதவங்க."

"யார் அனுமதி குடுத்தா?"

"என் முதுகு குடுத்துச்சு" என்றாள் மனைவி.

காவலர் சிரிக்கவில்லை. வெளிப்பாகம் மாட்டினால் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், இல்லாவிட்டால் கழற்ற வேண்டும் என்றார். அங்கேயே, நடுரோட்டில், பூட்டுக்காரர் ஸ்பானர் எடுத்துக் கழற்றினார். காவலர் அதை வாரியத்துக்கு அனுப்பப் பிடித்துவைத்துக்கொண்டார். பூட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மனைவியைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டப்போனார்.

"ரெண்டு பேரைச் சேத்துக் கட்டறதும் மாற்றம்தான். கம்பெனி அப்படி விக்கல" என்றார் காவலர்.

ஒரு கையால் ஹாண்டிலையும் மறுகையால் அவளையும் பிடித்துக்கொண்டு வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு நாள் காவலர் இல்லாத வழியாகப் பார்த்துத் துண்டு கட்டிப் போனார்கள். சந்து முனையிலேயே அவள் சரிய, கட்டு அவரையும் இழுக்க, இரண்டு பேரும் வண்டியும் ஒன்றாக விழுந்தார்கள். அவளுடைய நல்ல கை வீங்கிவிட்டது. அதற்குமேல் அவளை வண்டியில் ஏறச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நேராக வாரியத்துக்குப் போனார்.

வாகன வெளிப்பாக ஒப்புதல் வாரியம் நல்ல பெரிய கட்டடம். பார்வையாளர் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தன, ஒன்றுக்கும் சாய்மானம் இல்லை. உடைந்த சாய்மானங்களுக்குப் பதில் வேறு போடலாம்தான், அவை வெளிப்பாகம் ஆகிவிடும் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று வாசல்காரர் விளக்கினார். பூட்டுக்காரர் அன்று முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஒப்பீட்டு அலுவலர் கூப்பிட்டார். காவலர் அனுப்பிய முதுகுத்தாங்கி, கழுத்தில் சீட்டோடு அவர் மேஜைமேல் படுத்திருந்தது.

"ஒரிஜினல் எங்க?"

"இதுக்கு ஒரிஜினல் கிடையாதுங்க சார். அந்தக் கம்பெனி இந்த மாடலுக்கு முதுகுத்தாங்கியே செய்யல."

"அப்ப நான் இதை எதோட ஒப்பிடறது?"

"இல்லாததோடதான் ஒப்பிடணும்" என்றார் பூட்டுக்காரர், வேறு வழி தெரியாமல்.

அலுவலர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. இதைத்தான் நிறைய பேர் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க. சரி, அந்த இல்லாததைக் கொண்டு வாங்க."

"இல்லாததை எப்படிங்க கொண்டு வர்றது?"

"கம்பெனியில போய் 'இல்லை'ன்னு எழுதி முத்திரையோட வாங்கிட்டு வாங்க. நீங்க வாயால இல்லைன்னு சொன்னா, அது இருக்குன்னு வேற ஒருத்தர் வாயால சொல்லுவார். நான் யார் வாயை நம்பறது?"

கம்பெனி இப்போது மோட்டார் சைக்கிளைக் கைவிட்டுவிட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தது. அங்கே இருந்த யாருக்கும் க்ரூசர் என்ற ஒன்றைத் தாங்கள் செய்த ஞாபகமே இல்லை. நாலைந்து முறை நடந்த பிறகு, தங்கள் துணி துவைக்கும் இயந்திரம் எதற்கும் முதுகுத்தாங்கி கிடையாது என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பூட்டுக்காரர் பயந்துகொண்டே கொண்டுபோய் நீட்டினார். அலுவலர் முத்திரையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மிகவும் திருப்தி அடைந்தார்.

பிறகு அளவெடுத்தார். ஒரிஜினலின் உயரம் பூஜ்யம், அகலம் பூஜ்யம், எடை பூஜ்யம். இதன் உயரமோ ஒரு முழம். "இவ்வளவு விலகலை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லை" என்று வருத்தப்பட்டார்.

"சார், வீட்ல கால் வராமக் கிடக்கறா. நாள் போயிட்டிருக்கு. கொஞ்சம் சீக்கிரம்…"

"எங்களுக்குப் பாதுகாப்புதான் முக்கியம். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த வாரியம் ஒப்புதல் குடுத்த எந்தச் சாமானாலயும் இன்னிக்கு வரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்லை."

"இதுவரைக்கும் எத்தனைக்கு ஒப்புதல் குடுத்திருக்கீங்க?"

"ஒண்ணுக்கும் குடுக்கல" என்றார் அலுவலர் பெருமையாக. "நிராகரிச்சா யாரும் வந்து ஏன்னு கேக்க மாட்டாங்க. குடுத்துட்டா, ஏன் குடுத்தேன்னு ஆயுசுக்கும் கேப்பாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு இல்லையா?"

ஒப்பீடு முடிந்தது, இனி செயல்முறைச் சோதனை. அதற்கென்று வாரியத்தில் ஒரு பதவியே இருந்தது, நிலைப் பயணி என்று பெயர். பின்சீட்டில் உட்காருவதற்காக நியமிக்கப்பட்டவர். அவருக்கென்று விதிகளில் ஓர் உயரமும் ஓர் எடையும் எழுதப்பட்டிருந்தன. உயரம் அப்படியே இருந்தது. எடைதான் வாரியத்து கேண்டீனின் கைங்கரியத்தால் விதியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அவர் விதிக்குள் இறங்கிவரும்வரை சோதனை கிடையாது. பூட்டுக்காரர் நாள் தவறாமல் போய் அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு வருவார்.

"நான் சாஞ்சு உக்காரணும்னா அவர் இளைக்கணுமா?" என்று கேட்டாள் மனைவி. "எப்படி இருக்காரு, முகம் கொஞ்சம் வாடியிருக்கா?"

"இன்னிக்கு ரெண்டாவது தட்டு வேணாம்னுட்டாராம்."

"நல்ல மனுஷன். நல்லா இருக்கட்டும்."

அவள் கட்டிலில் கிடந்தபடி கட்டை விரலை அசைத்துக் காட்டுவாள். சில நாள் அசையும். சில நாள் அசைந்ததா இல்லையா என்று இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். குதிகால் எழும்புவது நின்றுபோயிருந்தது.

ஒருவழியாக நிலைப் பயணி இளைத்தார். சோதனை தொடங்கியது. விதி தெளிவாக இருந்தது: ஒப்புதல் ஆகாத பாகத்தை நிலைப் பயணி உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் மாட்டலாம். அவர் இறங்கினால் கழற்றி வாரியத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். மேடு, பள்ளம், வளைவு, நீண்ட ஓட்டம் என்று பல சோதனைகள். மேட்டுச் சோதனைக்கு மேட்டுமேல் இருந்த நிலைப் பயணியின் மைத்துனர் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வளைவுச் சோதனை அவர் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்தது. நீண்ட ஓட்டச் சோதனை என்பது காலையில் அவரை வீட்டிலிருந்து வாரியத்துக்கும், மாலையில் வாரியத்திலிருந்து வீட்டுக்கும் கொண்டுவிடுவது.

"அருமையா இருக்கு சார்" என்பார் நிலைப் பயணி, நன்றாகச் சாய்ந்துகொண்டு. "பத்து வருஷமா எனக்கு முதுகுவலி. இதுல உக்கார ஆரம்பிச்சதுலேருந்து காணாமப் போச்சு. ஆனா அவசரப்பட்டு எழுதக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."

ஒரு நாள் அவர் சொன்ன வழி பிசியோதெரபி நிலையத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. பயிற்சிக்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்து முகம் மலர்ந்து ஓடிவந்தவள், பின்னால் சாய்ந்திருந்த நிலைப் பயணியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"சார், உங்க வீட்டம்மா எங்க?"

பூட்டுக்காரர் குனிந்து டாங்க்கைத் துண்டால் துடைத்தார்.

"எவ்வளவு அழகா குதிகாலைத் தூக்கினாங்க. இப்பவே ஆறு மாசத்துல பாதிக்கு மேல ஓடிப்போச்சு சார். இனிமே ஒவ்வொரு வாரமும் போறது போறதுதான்."

"கவலைப்படாதீங்கம்மா, சோதனை நல்லபடியாப் போயிட்டிருக்கு" என்றார் நிலைப் பயணி பின்னாலிருந்து.

அடுத்து வந்த மேட்டிலேயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பூட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "ஒரே ஒரு நாள் சார். உங்களுக்குப் பதிலா அவளை உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க வேணும்னா கூடவே ஆட்டோவுல வாங்க, கண்ணாலயே பாத்துக்கலாம்."

நிலைப் பயணி கெட்டவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார். "எனக்கு ஆட்சேபணை இல்ல சார். ஆனா அவங்க நிலையா இல்லையே. ஒரு பக்கமாச் சாயறாங்கன்னு நீங்களே சொல்றீங்க. சாயற ஆளை உக்கார வெச்சா முதுகுத்தாங்கிதான் அவங்களைத் தாங்கிச்சுன்னு ஆயிடும். அப்புறம் அது சோதனையா? நான் தானாவே நேரா உக்கார்றவன். அதனாலதான் என்னை வெச்சிருக்காங்க."

பூட்டுக்காரர் அவரைக் கொண்டுபோய் மைத்துனர் வீட்டில் விட்டார். திரும்பி வரும் வழியில் வண்டியின் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதார். அது ஒரு வசதி, அந்த எஞ்சின் அவ்வளவு சத்தம் போடும்.

வாரங்கள் போயின. ஒப்புதல் எப்படித்தான் வந்தது என்று கேட்டால், மேலிடத்திலிருந்து வந்தது. இத்தனை காலத்தில் இந்த வாரியம் எத்தனை பாகங்களுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, ஒன்றுமே இல்லையென்றால் இது எதற்கு என்று எவரோ கேட்டுவிட்டார்கள். கட்டடமே கதிகலங்கிப்போயிற்று. உடனடியாக ஒரே ஒரு ஒப்புதல் தேவைப்பட்டது. கைவசம் முடியும் நிலையில் இருந்தது முதுகுத்தாங்கிதான். இரண்டே நாளில் எல்லாம் தயாராகி, விழாவுக்கு ஏற்பாடும் ஆகிவிட்டது. பயிற்சிக்காரம்மா சொன்ன ஆறு மாதம் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது.

விழாவுக்குப் பயனாளி வேண்டும் என்று சொல்லி, வாரியம் ஒரு காரையும் சீருடை போட்ட நாலு ஆட்களையும் அனுப்பியது. அவர்கள் சந்து வழியாக நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் இருமல் வரவில்லை. உடைந்த பலகைக் கற்கள்மேல் பூப்போல நடந்தார்கள்.

"இந்த நாலு பேரும் இத்தனை மாசமா எங்கிருந்தாங்க?" என்று கேட்டாள் அவள்.

"வாரியத்துலதாம்மா" என்றார் ஒருவர். "விழா இருந்தாத்தான் எங்களுக்கு வேலை. விழாவே இல்லாம இருந்துச்சு."

மேடையில் ஒரு மர முக்காலியின் பின்னால் முதுகுத்தாங்கியைப் பொருத்தி ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவளை அதில் உட்காரவைத்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முதுகு அதில் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தான் அளந்து கொடுத்த அதே இடத்தில் பஞ்சு இருந்தது. வாரியத்தின் தலைவர் பேசினார்.

"நம்ம வாரியத்துக்கு இதயம் இல்லைன்னு சில பேர் சொல்றாங்க. இதோ, இந்தப் பெண்மணி சாஞ்சு உக்காந்திருக்காங்க. இதைவிட என்ன இதயம் வேணும்? ஒரு முதுகுத்தாங்கிக்கு இவ்வளவு காலமான்னு கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். கேட்ட அன்னிக்கே குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? மாட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க. அவ்வளவுதானே! அப்புறம் வாரியம் எதுக்கு, நீங்க எதுக்கு, நான் எதுக்கு?"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. நிலைப் பயணி எழுந்து, தன் முதுகுவலி குணமான விதத்தைத் தழுதழுத்த குரலில் சொன்னார். அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். புகைப்படங்கள் எடுத்தார்கள். பிறகு நாலு ஆட்களும் வந்து அவளைப் பழைய நாற்காலிக்கு மாற்றிவிட்டு, முதுகுத்தாங்கியைக் கழற்றிக் கூடத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பூட்டுக்காரர் ஒப்பீட்டு அலுவலரிடம் ஓடினார். "சார், அதை எடுத்துட்டுப் போகத்தானே வந்தேன்?"

"எப்படிங்க முடியும்? ஒப்புதல் ஆனதும் அது வெளிப்பாகம் இல்லை. அந்த மாடலுக்கு அதுதான் இனி ஒரிஜினல். ஒரிஜினல் எங்ககிட்டதான் இருக்கணும்."

"அப்ப நான் எதை மாட்டறது?"

"அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு கொண்டு வாங்க. ஒப்பிட்டுப் பாக்கறோம். முன்னாடி மாதிரி கஷ்டமே இல்லை, இப்ப ஒப்பிட ஒரிஜினல் இருக்கே! உங்களாலதான் வந்துச்சு." அலுவலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்துச் செய்யணும்னா, கண்ணாடியைத் திறக்கத் தனியா அனுமதி வாங்கிக்குங்க."

பூட்டுக்காரர் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் பூட்டைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு திறக்கக்கூடிய பூட்டு. திறந்து, எடுத்து, மாட்டி, முதல் முனையிலேயே கையைக் காட்டப்போகும் காவலர்வரை யோசித்துப் பார்த்துவிட்டு, மனைவி இருந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போது கார் பிசியோதெரபி நிலையத்தின் வழியாகப் போயிற்று. திறந்திருந்த கதவுக்குள் இரண்டு கம்பிகளும் தெரிந்தன. நடுவே யாரோ ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்களேன்" என்றாள் அவள் டிரைவரிடம். "இந்த நாலு பேரும் கூடத்தானே இருக்காங்க. அந்தக் கம்பியைப் பிடிச்சு ஒரு தடவை நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"வீட்லேருந்து விழாவுக்கு, விழாவுலேருந்து வீட்டுக்கு. இவ்வளவுதாம்மா எனக்கு உத்தரவு. நடுவுல நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க."

அவள் நிலையம் பின்னால் போய் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூட்டுக்காரர் அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் வைத்த இடத்தில் அது இருந்தது.

வீட்டுக்குள் கொண்டுவந்து, கட்டிலில் அலுங்காமல் உட்காரவைத்தார்கள். நல்ல பழக்கமுள்ள ஆட்கள். தலையணையைக்கூட முதுகுக்குச் சரியாக முட்டுக்கொடுத்தார்கள். பிறகு ஒருவர் ஒரு தாளை எடுத்து நீட்டி, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். விழாவுக்கு எடுத்துப்போன பொருள்களை எல்லாம் ஒப்படைக்கும்போது இப்படி வாங்குவது வழக்கமாம்.

பூட்டுக்காரருக்குக் கண் மங்கலாக இருந்தது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

அந்த ஆள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "மேற்படி பயனாளி, எடுத்துச் செல்லப்பட்ட அதே நிலையில், எந்த மாற்றமும் இன்றித் திருப்பி ஒப்படைக்கப்பட்டார்."

பூட்டுக்காரர் பேனாவை வாங்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பேரும் காத்திருந்தார்கள்.

"போட்டுக் குடுங்க" என்றாள் மனைவி. "பொய்யா எழுதியிருக்காங்க?"

அவர் கையெழுத்துப் போட்டார்.